அத்தை நட்ட கழி

எங்கள் கோட்டைக்குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வலை கட்டும் முறை வந்த வீட்டில் ஆண்பிள்ளை நோயில் படுத்துவிட்டால், அடுத்த முறைக்காரர் அவருக்காக வலை கட்டி, வந்ததில் பாதியை அந்த வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு, உங்கள் பெரியவர்களுக்குத்தான் எத்தனை இரக்கம் என்று வியக்கிறார்கள். ஊர்த் தலைவர்களான நாட்டார்களும் மீசையைத் தடவியபடி அந்தப் புகழ்ச்சியை வாங்கிக்கொள்கிறார்கள். இரக்கமாம். அந்த வழக்கம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். நான் அங்கே நின்றிருந்தேன்.

எனக்கு அப்போது ஏழோ எட்டோ வயது. கோட்டையில் அன்றும் ஒல்லாந்தர் கொடிதான். மழை அடுத்தடுத்துப் பொய்த்து, முகத்துவாரம் மணலால் அடைபட்டு, ஏரி உப்பேறிக் கிடந்தது. காட்டூர்ப் பக்கத்து உழவர்கள் காய்ந்த வயலைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு வந்து கோட்டைச் சாலையோரம் கிடந்தார்கள். எங்களுக்கு மட்டும் ஏரியில் ஆழமான ஓர் இடத்தில் கொஞ்சம் இறால் நின்றது. அங்கே யார் எந்த நாள் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருந்தார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு வந்தவர் வெயில் ஏறுமுன் தம் வீட்டுக் கழியை அந்த நீரில் நட்டுவிட வேண்டும். நடாவிட்டால் பாடு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். மறுபடி நம் பக்கம் வர மாதக்கணக்காகும்.

எங்கள் பாடு நெருங்கிய சமயத்தில்தான் நைனா காய்ச்சலில் விழுந்தார். எழுந்து உட்காரவே ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. வீட்டில் வேறு ஆண் கிடையாது, தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான். எங்களுக்காக யாரையாவது வலை கட்டச் சொல்லுங்கள் என்று அம்மா நாட்டாரிடம் போய்க் கேட்டாள். முறை என்றால் முறைதான், அதை மாற்ற நான் யார் என்று அவர் சொல்லிவிட்டார். சாயங்காலம் அதே நாட்டார் வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசி வந்தது. எங்கள் பாட்டை எடுத்துக்கொள்ளக் காத்திருந்த அடுத்த பாட்டுக்காரர் வீட்டிலிருந்தும் ஒரு பிடி வந்தது. எங்களுக்குச் சேர வேண்டியதைப் பறித்துக்கொண்டு, அதில் ஒரு சிட்டிகையை எங்களுக்கே தானம் செய்தார்கள். அம்மா ஒவ்வொருவரையும் கும்பிட்டு வாங்கினாள். அந்தக் கும்பிடை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

கோட்டைக்கு வெளியே, கடைத்தெருவை ஒட்டிய கொட்டகையில் இன்னொரு தர்மவான் இருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், குழைவான பேச்சு. வேற்று நாட்டவர் இல்லை, நம் மனிதர்தான். பஞ்சத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கஞ்சி ஊற்றிவந்தார்.

அவர் அம்மாவிடம், "ஒரு புள்ளைய இங்க வுட்டுட்டுப் போம்மா. நல்லா துன்னட்டும். பஞ்சம் தெளிஞ்சதும் வந்து கூட்டிக்கினு போ" என்றார்.

பாடு போய்விட்டால் என்னை அங்கே விட்டுவிடுவது என்று அம்மா முடிவு செய்தாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். தம்பியையும் நைனாவையும் காப்பாற்ற அவளிடம் வேறு வழி இல்லை. எனக்கோ கொண்டாட்டம். அந்தக் கஞ்சியில் வெல்லம் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பாடு போய்த் தொலையட்டும் என்றுதான் சாமியை வேண்டிக்கொண்டேன்.

நைனாவின் அக்கா, எங்கள் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். பசியாவரத்தில் வாழ்க்கைப்பட்டுப் புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். கூடை சுமந்து மீன் விற்றாள். அவளுக்கு வாய் நீளம் என்று ஊரில் பேச்சு. பாடு நாளன்று கருக்கலில் அம்மாவும் நானும் தம்பியைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனபோது ஆண்கள் எல்லோரும் ஏரியைப் பார்த்தபடி உறைந்து நின்றார்கள். அத்தை எங்கள் தோணியைத் தானே ஓட்டிப் போய், நைனாவின் கழியை நட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். எங்களில் பெண் தோணியில் ஏறக் கூடாது. தாலி அறுத்தவள் கழியைத் தொட்டுவிட்டால் அந்த நீரில் அன்று எவனும் வலை இறக்கமாட்டான். அவ்வளவு பயம்.

"இன்னா காரியம் பண்ணிட்ட நீ" என்றார் நாட்டார்.

"எங்க வூட்டுப் பாடு, எங்க வூட்டுக் கழி, நட்டுட்டேன்" என்றாள் அத்தை. "தீட்டுன்னா அது எங்க வூட்டுக்குத்தான். எங்க பேர்ல வலைய எறக்குங்க, உங்களுக்கு ஒண்ணும் வராது, வந்ததுல பாதிய எடுத்துக்குங்க. முடியாதுன்னா எறா அங்கியே கெடக்கட்டும். யாரும் துன்ன வாணாம்."

அடுத்த பாட்டுக்காரர்தான் அதிகம் குதித்தார். இவளை ஊரைவிட்டே தள்ள வேண்டும் என்றார். ஒருவர் கையை ஓங்கிக்கொண்டே வந்தார். அத்தை கழியைப் பார்த்தபடி நின்றாள். வார்த்தை தடித்துக்கொண்டே போனது. இனி எதுவும் நடக்கப்போவதில்லை என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தம்பியை இடுப்பில் எடுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து, கொட்டகைக்கு நடந்தாள். அங்கே அந்த மனிதரைக் கும்பிட்டாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

கொட்டகையில் என்னைவிடச் சற்றுப் பெரிய காட்டூர்ப் பெண் ஒருத்தி நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். அவளுடைய கொட்டாங்கச்சியில்தான் இருவரும் மாறி மாறிக் குடித்தோம். வெல்லம் இருந்தது. சாயங்காலம் மறுபடி ஊற்றும்போது அத்தை வந்துவிட்டாள். தலையில் கூடை, கூடையில் இறால். எல்லாம் போவதைவிடப் பாதியாவது கிடைக்கட்டும் என்று அடுத்த பாட்டுக்காரரே கடைசியில் எங்கள் பேரில் வலை இறக்கியிருந்தார். அத்தை வந்த வேகத்தில் என் கையிலிருந்த கஞ்சியைத் தட்டிவிட்டாள்.

"பசிச்ச புள்ள வயித்துல அடிக்கிறியேம்மா. தர்மத்துக்கு ஊத்தறேன்" என்றார் அந்த மனிதர், கோபமே இல்லாமல்.

"வயித்த ரொப்பி, கப்பல்ல ஏத்தி விக்கறதுக்குப் பேரு தர்மமா?" என்று கேட்டாள் அத்தை.

கடைத்தெருவில் கூட்டம் கூடிவிட்டது. அவர் சிரித்தபடி உள்ளே போனார். கூடியவர்களில் ஒருவர்கூட அத்தையைப் பார்த்து, என்ன சொல்கிறாய் என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துதான் அந்தக் கொட்டகையைத் தாண்டி உப்பும் புளியும் வாங்கப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் அத்தையின் கையைக் கடித்தேன். அவள் என்னை விடாமல் இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த இறால் எங்களைத் தாங்கியது. நைனாவும் பிழைத்து எழுந்தார். அத்தை ஏரிக்கரையில் கால் வைக்கக் கூடாது என்று நாட்டார் தீர்ப்புச் சொன்னார். பிறகு அடுத்த பாட்டுக்காரர் நோயில் படுத்தபோது, பாதிக்குப் பாதி என்ற பேச்சை அவரே ஆள் அனுப்பி நினைவூட்டினார். உடனே அது ஊர் வழக்கமாகிவிட்டது. அத்தைக்குத் தடை மட்டும் சாகும்வரை நீங்கவில்லை.

நான் அன்று இதில் எதையும் யோசிக்கவில்லை. கப்பல் என்று அத்தை சொன்னதையும் நம்பவில்லை. கொஞ்ச நாள் கழித்து, சுள்ளி பொறுக்கக் கடற்கரைக்குப் போனபோது கொட்டகைப் பிள்ளைகளைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கப்பல் தூரத்தில் நின்றது. காட்டூர்ப் பெண் புதுத் துணி கட்டியிருந்தாள். எனக்கும் அப்படி ஒரு துணி கிடைத்திருக்குமே, இந்த அத்தை கெடுத்தாளே என்று மனதுக்குள் திட்டினேன். படகு நகர்ந்தபோது அவள் என்னை அடையாளம் கண்டு கையை ஆட்டினாள். எனக்கு இருந்த பொறாமையில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.