வெங்காயத்தில் நட்சத்திரம்

போன மாதம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகப்பிள்ளை பேரனை மடியில் வைத்துக்கொண்டு நுண்ணோக்கியில் எறும்பைக் காட்டிக்கொண்டிருந்தார். கண்ணை இடுக்கிப் பார்க்கிற வேலையெல்லாம் இப்போது இல்லை. கம்ப்யூட்டர் திரையில் எறும்பு கோயில் யானை மாதிரி நிற்கிறது. பேரன் வாயைப் பிளந்துகொண்டு அப்பன் முகத்தையே பார்க்கிறான். நல்ல மருமகன் கிடைத்தால் மாமனாருக்குச் சந்தோஷம் என்பார்கள். சந்தோஷம்தான். வயிறும் எரிந்தது.

அந்த எரிச்சல் எனக்குப் பழைய சிநேகிதம். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் இருந்தேன். ஃபியூஸ் கட்டைகளுக்கு மெருகு பூசுகிற வேலை. குவார்ட்ஸ் கல்லை மாவாக அரைத்துக் கலக்க வேண்டும். மாலையில் வீட்டுக்கு வந்தால் இட்லி மாவுக்குள் விழுந்து எழுந்தவன் மாதிரி இருப்பேன். எவ்வளவு சோப்புப் போட்டாலும் கைரேகையிலிருந்து அந்தப் பொடி போகாது. ரசக் கரண்டியை மட்டும் என் மனைவி தொடவிட மாட்டாள். நான் தொட்ட ரசம் நறநறக்குமாம்.

பக்கத்து வீட்டு ஜமால் பாய் மங்கலம்பேட்டைக்காரர். துபாயிலிருந்து வந்தபோது மகன் ரஃபிக்கு பல்பு எரியும் நுண்ணோக்கி ஒன்று கொண்டுவந்தார். என் மகள் செல்வி அப்போது ஐந்தாம் வகுப்பு. பீங்கானில் ஏன் கரண்ட் பாயாது என்று அதுவரை என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது ஸ்கூல் விட்டதும் நேரே அங்கே ஓட்டம். சோறு தின்கிறபோதும் 'பாய் மாமா சொன்னாரு'தான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பொருட்காட்சியில் ஒரு பிளாஸ்டிக் நுண்ணோக்கிப் பெட்டி வாங்கி வந்தேன். பல்புக்குப் பதில் கண்ணாடி. வெயில் வந்தால்தான் படம். முதல் நாள் உள்ளே தெரிந்ததைக் கரப்பான்பூச்சிக் கால் என்று வெகுநேரம் விளக்கினேன். அது என் இமைமுடி. மறுநாள் வெங்காயத் தோலை உரித்து வைத்தேன். செல்வி குனிந்து பார்த்தவள் நிமிரவேயில்லை.

"அப்பா, பாய் மாமா வூட்டு வெங்காயத்துல கட்டங்கட்டமா மட்டுந்தான் தெரியுது. நம்மளுதுல நட்சத்திரமும் இருக்குது."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எந்த அப்பன் சொல்வான்? "இது பெரம்பலூரு வெங்காயம்மா" என்றேன்.

நான் வைத்த எறும்புக் காலிலும் மினுமினுத்தது. கிணற்றுத் தண்ணீரிலும் மினுமினுத்தது. "எறும்பும் பெரம்பலூராப்பா?" என்றாள்.

செய்தி பரவி ஜமால் பாயே வந்தார். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். நீங்க மட்டும் ஏன் அத்தா நட்சத்திரம் காட்டல என்று ரஃபி அவரைப் பிடுங்கினான். மறுநாள் பாய் பெரம்பலூர் வெங்காயம் ஒரு பை நிறைய வாங்கிப்போனதைப் பார்த்தேன். அவர் வீட்டில் கட்டம்தான் தெரிந்தது. எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வி தானாகவே தோலை உரித்து, தானே கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தாள். நட்சத்திரம் இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் என் விரலைப் பிடித்து வெறும் கண்ணாடித் துண்டில் அழுத்தி எடுத்து, அதைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். எழுந்து பாய் வீட்டுக்கு ஓடினாள்.

தொலைந்தது மானம் என்று மதில் ஓரமாக நின்று காதைத் தீட்டினேன்.

"வெங்காயத்துல ஒண்ணும் இல்ல மாமா. நட்சத்திரம் எங்கப்பா கையில இருக்குது."

சாயங்காலம் ரஃபி துடைத்த கண்ணாடித் துண்டோடு வந்து நின்றான், ஒரு விரல் வைக்கச் சொல்லி. பின்னாலேயே பாய். "புள்ள கேக்குறான்... எனக்கும் ஒண்ணு வச்சிக் குடுங்க" என்றார்.

பாய் குடும்பம் சென்னைக்குப் போய்விட்டது. பிளாஸ்டிக் பெட்டி எந்தப் பரணில் செத்ததோ. பட்டறையை மூடி வருஷக்கணக்காகிறது.

மருமகன் வீட்டில் எல்லாரும் சாப்பிட எழுந்து போனபோது, அந்த நுண்ணோக்கிக்கு அடியில் என் விரலை நைசாக நீட்டினேன். திரையில் உழுது போட்ட கொல்லை மாதிரி வரிவரியாக ரேகை. வேறொன்றும் இல்லை. பின்னால் செல்வி வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. அவளும் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள்.

"கையக் கழுவிட்டியாப்பா?" என்றாள்.