உப்பா, புரதமா?

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து ஆய்வகத்துக்குப் போனால், தட்டில் விட்டிருந்த புரதக் கரைசல் சொட்டுக்குள் ஒரு படிகம் வந்திருந்தது. ஒன்றே ஒன்று. வேறு யாராக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பார்கள். எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். உயிர்வேதியியல் படித்தவளுக்கு அது கூடவே ஒட்டிக்கொண்ட குணம்.

திருவண்ணாமலையில் வேங்கிக்கால் பக்கம் சின்ன ஆய்வகம் எங்களுடையது. வேர்க்கடலையிலிருந்து புரதத்தைப் பிரித்தெடுப்பது என் வேலை. அதைப் படிகமாக வளர்ப்பது, கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஆராய்ச்சி மாணவியின் வேலை. படிகத்தை எக்ஸ் கதிரில் வைத்தால்தான் புரதம் எப்படி மடிந்திருக்கிறது என்று தெரியும். தெரியாவிட்டால் அவளுக்கு முனைவர் பட்டம் கிடையாது. வீட்டில் இந்த வருஷத்தோடு போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆனால் உப்பும் படிகமாகும். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி பளபளக்கும். ஊசியால் அழுத்தினால் உப்பு டிக்கென்று உடையும், புரதம் சத்தமில்லாமல் நொறுங்கும். அழுத்திப் பார்த்தால் படிகம் போச்சு.

அப்போதுதான் தட்டின் மூடியில் விபூதிப் பட்டை கண்ணில் பட்டது. பூஜையன்று ஒன்றுவிடாமல் பொட்டு வைத்திருக்கிறாள், மைக்ரோஸ்கோப்புக்குக்கூட சந்தனம். விபூதியில் சுண்ணாம்புச் சத்து உண்டு. எங்கள் சொட்டில் பாஸ்பேட். இரண்டும் சேர்ந்தால் அருமையாக உப்பு வளரும். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"மூடியத் தொறந்தியா?"

"அய்யோ, இல்லக்கா. மேலதான் வெச்சேன்."

"பொய் சொல்லாத. தூள் உள்ள போயிருக்கும்."

"சத்தியமா இல்லக்கா. பெரிய கோயில் விபூதி, கெடுதல் பண்ணாது."

சாமியையே சாட்சிக்கு இழுக்கிறாளே! சாமியை நம்புவேன், சொட்டை நம்பமாட்டேன். அவள் கண் ஏன் கலங்குகிறது? தப்புச் செய்ததாலா? "எக்ஸ் கதிருக்கு உப்ப அனுப்பி மானம் போகட்டுமா?" என்று கத்தினேன். மத்தியானம் வரைக்கும் விடவில்லை, திரும்பத் திரும்ப அதையே கேட்டேன்.

கடைசியில் அவள் மூடியைத் திறந்து ஊசியை எடுத்தாள். நான் "இரு, இரு" என்பதற்குள் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக் குத்திவிட்டாள். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சத்தமே இல்லை.

அவளை நகர்த்திவிட்டுப் பார்த்தேன். புட்டு மாதிரி உதிர்ந்து கிடந்தது. புரதமேதான்.

ஊசியை என் கையில் வைத்தாள்.

"இப்ப நம்புறீங்களாக்கா?"