சேற்றில் நின்ற தோணி

ஒல்லாந்தர் கோட்டைக்கு நான் எழுத்து வேலைக்குப் போன முதல் நாள், வாசலில் நின்ற காவல்காரன் என்னைப் பார்த்ததும் சமையற்கட்டுப் பக்கம் கை காட்டினான். மீன் கொண்டு வருகிறவர்களுக்கு அதுதான் வழி. வெள்ளை வேட்டி கட்டி, புதுத் தலைப்பாகை சுற்றியிருந்தேன். ஏரிக்கு அக்கரையில் இருக்கும் எங்கள் குப்பத்தில் எழுத்து படித்து முடித்த முதல் ஆள் நான். அதைக் காவல்காரனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அப்போது தோளில் துணிக்கட்டோடு ஒருவன் வந்தான். நெடுநெடுவென்று உயரம். சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழுந்தது.

“வுடுப்பா, இவரு மீன் விக்க வர்ல, எழுத வந்தவரு” என்று காவல்காரனிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான். “நாளைக்கு ஒரு கூடையும் எடுத்துனு வா மச்சான். காலைல மீனு, மத்தியானம் எழுத்து. கோட்டைல ரெண்டு வாசலும் உனக்குத்தான்.”

முன்பின் தெரியாத என்னை மச்சான் என்று கூப்பிட்டவன் பெயர் இனாயத்துல்லா. பழவேற்காட்டில் பழைய வணிகக் குடும்பம். அவனுடைய பாட்டனார் மலாக்கா வரை கப்பலில் போனவர். அவனுக்குக் கோட்டைத் துணிக்கிடங்கில் வேலை. நெசவாளர்கள் கொண்டு வரும் துணியை விரித்து, அளந்து, பழுது பார்த்து மடிப்பான். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். நீளத் துணியை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. அதனால் எழுதுகோலை வைத்துவிட்டு மறுமுனையை நான் பிடிப்பேன். இருவரும் எதிரெதிரே நடந்து வருவோம், கையோடு கை சேரும், என் முனையை அவன் வாங்கிக்கொள்வான், நான் குனிந்து மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போவேன். நாள் முழுக்க இப்படித்தான். அந்தக் கொஞ்ச தூர நடைக்குள் அவன் ஊர்க்கதை எல்லாம் சொல்லிவிடுவான். கதையில் சுவையான இடம் வந்தால் வேண்டுமென்றே துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்பான். நானாகப் போய்க் கேட்க வேண்டும். மேற்பார்வைக்கு வரும் ஒல்லாந்தன் முறைத்தால், துணியில் ஓட்டை தேடுகிறவன் போலக் கண்ணை இடுக்கிக்கொள்வான்.

கப்பலில் போனவர் பேரனுக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம். ஏரியில் முழங்கால் ஆழம் தாண்டினாலே வாய் கலிமா சொல்லத் தொடங்கிவிடும். என் கல்யாணத்துக்கு மட்டும் வந்தான். தோணிக்குள் மல்லாந்து படுத்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வந்து சேர்ந்தான். என் மாமியார் லோகாம்பாள் எட்டிப் பார்த்து, “இன்னாபா, மாப்பிள தோழனைக் கருவாடு கணக்கா சுருட்டி எடுத்துனு வந்துக்கிறீங்க” என்றாள்.

“கருவாடுதாம்மா. கரையைக் காட்டுங்க, எழுந்து நடந்துடும்” என்றான் துண்டுக்குள்ளிருந்து.

அந்த வைகாசியில் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்காக நான் குப்பத்துக்குப் போயிருந்தேன். அவனையும் கூப்பிட்டேன். ஏரிக்குக் குறுக்கே யாராவது பாலம் கட்டினால் முதல் ஆளாக வருவதாகச் சொல்லி அனுப்பினான். கூழ் ஊற்றிய மறுநாள், பழவேற்காட்டுக்கு மீன் கொண்டுபோன ரங்கன் திரும்பியதும் நேராக என் வீட்டுக்கு வந்தான். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தான்.

“உன் கூட்டாளி இனாயத்து பாய் செத்துட்டாருபா. விடிகாலைல தொழுதுட்டு வந்து கெணத்தாண்ட குந்தினவரு, அப்படியே சாஞ்சுட்டாராம். அவங்க அண்ணன் கௌஸ் மைதீன் உன்னைக் கையோட இட்டுனு வரச் சொன்னாரு. வெயில் காலம், சாயந்திரம் அசர் தொழுகைக்கு மேல வெச்சிருக்க முடியாதுனாரு.”

அடக்கத்துக்கு முன்னால் துணியை விலக்கி, வேண்டியவர்களுக்கு முகம் காட்டுவது அவர்கள் வழக்கம். மூடிவிட்டால் மூடியதுதான். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அழக்கூட இல்லை. அந்த முகத்தை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும்.

தோணிகள் வழக்கமாகப் போவது தெற்கே சுற்றும் ஆழமான கால்வாயில். அந்த வருஷம் முகத்துவாரத்தை மணல் மூடிக் கடல் தண்ணீர் உள்ளே வராமல், ஏரி வற்றிக்கொண்டிருந்தது. “சுத்தினு போனா நேரமாயிடும். நேரா வுடறேன், முட்டித் தண்ணி இருந்தா போதும்” என்றான் ரங்கன். எனக்காகத்தான் சொன்னான். நான் ஏறி உட்கார்ந்தேன்.

கோட்டைக் கொடி தெரிகிற தூரத்தில் தோணியின் அடி உரசி நின்றது. ரங்கன் கழியை ஊன்றித் தள்ளினான். கழிதான் சேற்றுக்குள் இறங்கியது. நான் குதித்தேன், இடுப்பு வரை உள்ளே போனேன். அக்குளில் கை கொடுத்து இழுத்து என்னை மேலே போட்டான்.

“நடந்து போற சேறு இல்லபா இது. உனக்கும் சேத்துக் குழி வெட்டணுமா?”

வந்த வழியே பின்னால் தள்ளிப் பார்த்தோம். அசையவில்லை. கடல் காற்று எழுந்து தண்ணீரை மேற்கே தள்ளினால் தோணி மிதக்கும். மற்ற நாட்களில் உச்சிக்கெல்லாம் எழுந்துவிடும் காற்று அன்று எழவில்லை. எங்களைச் சுற்றிப் பூநாரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்குக் கால் நீளம் போதும்.

பள்ளிவாசலிலிருந்து வெள்ளைக் கூட்டமாக ஆட்கள் வெளியே வந்தார்கள். அடக்கத்தலத்துக்கு ஏரிக்கரை ஓரமாகத்தான் வழி. அவனைக் கிடத்திய சந்தூக்குப் பெட்டி தோள் மாறி மாறிப் போவது தெரிந்தது. தலைப்பாகையை அவிழ்த்து வீசினேன். நிற்கச் சொல்லிக் கத்தினேன். ஒருவரும் திரும்பவில்லை. கரை விளிம்பில் நண்டு பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

ரங்கன் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, “கால்வாய்லயே போயிருந்தா இந்நேரம் சேந்திருப்போம்” என்றான். அவன் கையிலிருந்த கழியை வாங்கி நான் ஊன்றிப் பார்த்தேன்.

கூட்டம் கலைந்த பிறகுதான் காற்று வந்தது.

கரையில் கௌஸ் மைதீன் நின்றிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. என் காலில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தார்.

“எவ்ளோ நேரம்தான் தம்பி தொறந்து வெச்சிருக்கிறது? மூடலாம்னா அவன் பொஞ்சாதி ஆமினா வுடல. அவரு வந்துடுவாரு, ஏரி அவருக்குப் பழக்கம்தானேனு சொல்லினே இருந்துச்சு.”

முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். தூங்குகிற மாதிரி இருந்தது என்றார். எல்லாரும் சொல்வது அது. அதற்கு மேல் எதைக் கேட்டு அவனைப் பார்ப்பது? குழி மூடியாகிவிட்டது. மேலே தண்ணீர் தெளித்திருந்தார்கள். கௌஸ் மைதீன் பக்கத்தில் கிடந்த மண்ணைக் காட்டினார். மூன்று பிடி எடுத்து மேலே போட்டேன்.

இனாயத்துல்லா பள்ளிவாசலுக்கு வடக்கே உள்ள அடக்கத்தலத்தில், அவன் வாப்பாவின் குழிக்குப் பக்கத்தில் இருக்கிறான். ஆமினா பீவியும் பிள்ளைகளும் கௌஸ் மைதீன் வீட்டில் இருக்கிறார்கள்.