கொன்றை மரத்துக்கு ஊற்றிய தண்ணீர்

பட்டியலில் முதலில் பதினெட்டு வரிகள் இருந்தன. வேலைக்குக் கொண்டுபோகும் நோட்டின் கடைசிப் பக்கத்தில், வலது ஓரம் டிக் அடிக்க ஒரு கட்டம் விட்டு எழுதினேன். தலைப்பு: அக்கா மகள், ஆறாம் வகுப்பு.

அக்கா மகள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் சின்னத் தனியார் பள்ளியில் ஐந்தாவது முடிக்கப்போகிற நேரம் அது. அங்கே அதற்கு மேல் வகுப்பு கிடையாது. மணலிப் பக்கம் வேறொரு தனியார் பள்ளியில் அக்கா ஒரு இடம் சொல்லிவைத்திருந்தாள். வேன் வீட்டு வாசலுக்கே வரும். சேர்க்கிறோமா இல்லையா என்று ஏப்ரல் கடைசிக்குள் சொல்லிவிட வேண்டும்.

நான் சொன்னது நாங்கள் இருவரும் படித்த அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி. திருவொற்றியூரில் எங்கள் மீனவக் குப்பத்திலிருந்து நடந்தே போகலாம். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஒன்பதாவதிலோ பதினொன்றிலோ வந்து சேர்ந்துகொள்ளலாம் என்று நினைக்கிற பெற்றோர் பலர். சேரலாம், அந்த ஒதுக்கீடு கிடைக்காது. ஆறாம் வகுப்பிலேயே முடிவெடுக்க வேண்டிய விஷயம் என்பது பலருக்குப் பத்தாவது ரிசல்ட் வந்த பிறகுதான் தெரிகிறது.

இதையெல்லாம் அக்கா பொறுமையாகக் கேட்டாள். “நீ இஞ்சினீரு. உனுக்கு அந்த ஸ்கூலு கோயிலு மாதிரி. எனுக்கு அப்டி இல்ல” என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. “போய்ப் பாத்துட்டு வா. நீதான் எல்லாத்துக்கும் லிஸ்ட் போடுவியே.”

எனக்கு அது கோயில் இல்லை. ஆனால் கண்ணை மூடினால் அந்தக் கட்டடத்துக்குள் விளக்கில்லாமல் நடந்துவிடுவேன். கண்டெய்னர் லாரி போகும்போது ஜன்னல் கம்பிகள் அதிரும். டீச்சர் பாதிச் சொல்லில் நிறுத்தி, சாக்பீஸைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருப்பார். லாரி தாண்டியதும் விட்ட எழுத்திலிருந்து தொடங்குவார். அதிர்வை வைத்தே அது பாரம் ஏற்றிய வண்டியா காலி வண்டியா என்று கடைசி பெஞ்சில் பந்தயம் நடக்கும். எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று அடித்தால் ஜன்னல் திண்டில் சாம்பல் படியும். அதில் விரலால் பெயர் எழுதுவோம். குப்பத்துப் பெண்களைப் பார்த்து யாராவது “கருவாடு வருது” என்றால், “மோந்து பாத்தே இவ்ளோ தெரியுதே, வூட்ல அதான் கொழம்பா?” என்று பதில் பறக்கும். வெர்னியர் அளவுகோலை முதன்முதலாகக் கையில் பிடித்து ஒரு கோலிக்குண்டை அளந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. இன்று நான் வள்ளூர்ப் பக்கம் ஓர் ஆலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிறேன். அந்தக் கோலிக்குண்டிலிருந்து இங்கே வர எனக்கு வேறு வழி எதுவும் இருந்திருக்காது.

எல்லாவற்றையும் விட அந்த மரம். மழைக்காலத்தில் வருஷா வருஷம் கன்று நடுவார்கள். பள்ளியின் போர்வெல் தண்ணீர் உப்பு. கோடைக்குள் எல்லாம் கருகிவிடும். பிழைத்தது கேட்டோரம் நின்ற சரக்கொன்றை ஒன்றுதான். நாலு பத்துக்கு மணி அடித்ததும், வெளியே போகிற பெண்கள் பாட்டில் மூடியைத் திருகி அதன் அடியில் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுப் போவோம். வீட்டிலிருந்து கொண்டுவந்த நல்ல தண்ணீர், லாரித் தண்ணீர். யாரும் சொல்லித்தந்த பழக்கமில்லை. எங்களுக்கு முன்னால் போனவர்கள் ஊற்றினார்கள், நாங்களும் ஊற்றினோம். கோடை தொடங்கும்போது மரம் மஞ்சள் மஞ்சளாகத் தொங்கும். பாலிடெக்னிக்கிலும் பிறகு கல்லூரியிலும் இந்தக் கதையைப் பல தோழிகளிடம் சொல்லியிருக்கிறேன். உப்பு மண்ணில் ஒரு பள்ளிக்கூடமே சேர்ந்து வளர்த்த மரம் என்று.

ஏப்ரல் தொடக்கத்தில் லீவு போட்டுவிட்டு நோட்டோடு போனேன். மரம் பூத்திருந்தது. தலைமை ஆசிரியை எனக்குத் தெரியாதவர். பழைய மாணவி, அக்கா மகளுக்காக வந்திருக்கிறேன் என்றதும் முகம் மலர்ந்து தானே கூட வந்து காட்டினார். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனேன். ஆங்கிலவழிப் பிரிவு இருக்கிறதா, பதினொன்றில் என்னென்ன குரூப், ஆய்வகச் சாவி யாரிடம், அது தினமும் திறக்கப்படுகிறதா, மழையில் தரைத்தளத்துக்குத் தண்ணீர் வந்தால் வகுப்பு எங்கே நடக்கும், காலையில் பிள்ளைகள் ரோடு கடக்க உதவும் போலீஸ்காரர் சாயங்காலமும் நிற்கிறாரா. கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தது. மேல் வகுப்புகளுக்குக் கணக்கு ஆசிரியர் இடம் காலி. அந்த இரண்டுக்கும் பெருக்கல் குறி. கழிப்பறை புதிய கட்டடம், டைல்ஸ் பதித்தது, பினாயில் வாசனை, தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. டிக்.

சாயங்காலம் நேரே அக்காவிடம் போனேன். மார்க்கெட் முனையில் குடைக்கடியில் பலகை போட்டு மீன் விற்கிறாள். அம்மா உட்கார்ந்த அதே இடம்.

“பதினெட்டுக்குப் பதினாறு” என்றேன்.

“இன்னா, மார்க்கா?” சங்கரா மீன் ஒன்றைச் செதில் எடுத்தபடியே கேட்டாள். “கக்கூஸு எப்டி கீது?”

“புதுசா கட்டிக்கீறாங்க. அவ்ளோ சுத்தம். தரையெல்லாம் காஞ்சு பளபளன்னு இருக்கு.”

கத்தி நின்றது. “எத்தினி மணிக்குப் பாத்த?”

“பதினொண்ணரைக்கு.”

“இன்டர்வெல் எத்தினி மணிக்கு?”

“அதுக்கு அரை மணி முன்னாடி.”

“பொண்ணுங்க எத்தினி பேரு?”

“ஐநூறு, அறுநூறு இருக்கும்.”

“கடல் காத்துக்கு நம்ம வூட்ல நாலு பேரு குளிச்சாலே மத்தியானம் வரிக்கும் பாத்ரூமு ஈரமா கெடக்குது. ஐநூறு பொண்ணுங்க போன எடம் அரை மணில காஞ்சிடுச்சா? யாரும் போலடி. பூட்டி வச்சிகினுகீறாங்க. உனுக்கோசரம் தொறந்து காட்டிக்கீறாங்க.” மீன் வாங்க நின்ற ஒரு அம்மாவிடம் மீனை நீட்டினாள். “பாரும்மா, இஞ்சினீரு. கண்ண மட்டும் பாத்துட்டு மீனு ஃப்ரெஷ்ஷுன்னு சொல்லிகினு வந்து நிக்குது. செவுளத் தூக்கிப் பாக்க வேணாமா?”

அந்த அம்மா சிரித்தார். எனக்கு முகம் சுட்டது. ஆலையில் இதே தப்பைப் புதிதாகச் சேர்ந்த பையன்கள் செய்தால் நான் விடமாட்டேன். பம்ப் ஓடும்போது அழுத்தமானியின் முள் கொஞ்சம் நடுங்க வேண்டும். அசையாமல் அழகாக நிற்கிற முள்ளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். குழாயே அதோடு இணைக்கப்படாமல் இருக்கலாம்.

கூட்டம் குறைந்ததும் அக்கா கையைக் கழுவிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“மரத்துக்குத் தண்ணி ஊத்தினோம், தண்ணி ஊத்தினோம்னு ஊரெல்லாம் சொல்லுவியே. இன்னாத்துக்குடி ஊத்தினோம்? ரொப்பிகினு போன பாட்டிலு ரொம்பினாப்லயே வூட்டுக்கு வந்தா அம்மா அடிக்கும். அதான் ஊத்தினோம். எவ குடிச்சா? குடிச்சா போவணும். போவ எடம் ஏது?”

நான் நோட்டை மூடினேன்.

“பத்தாவது கணக்கு பரீட்சை அன்னிக்கு எனுக்கு ஜுரம் வந்துச்சே, நெனப்பு கீதா? வெயிலுன்னு சொன்னீங்கோ. வெயிலு இல்ல. ஒண்ணுக்குப் போனா எரிச்சலு. பெரியாஸ்பத்திரில டாக்டரு கேட்டாரு, தண்ணியே குடிக்க மாட்டியாம்மான்னு. பேப்பர்ல பாதிதான் எழுதினேன். குனிஞ்சி உக்காரவே முடில.”

எங்கள் வீட்டில் அவளைப் பற்றி ஒரு வாசகம் உண்டு: பெரியவளுக்குக் கணக்கு வராது. அதனால்தான் அவள் கேட்ட குரூப் கிடைக்கவில்லை, பன்னிரண்டோடு நின்றாள், கூடையை எடுத்தாள். நானும் அந்த வாசகத்தைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். மீனைக் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்பவளைப் பற்றி.

எனக்கும் அவளுக்கும் மூன்று வயது வித்தியாசம். அதே பள்ளி, அதே பூட்டு. நானும் குடித்ததில்லை. எனக்கு அந்த ஒரு நாளில் ஜுரம் வரவில்லை, அவ்வளவுதான். இன்றும் ஆலைக்குக் கொண்டுபோகும் பாட்டில் பாதிக்கு மேல் குறையாமல் திரும்பி வருகிறது.

“நாளிக்கு சாயங்காலம் போலாம்” என்றாள். “மணி அடிக்கசொல்ல.”

மறுநாள் அக்கா சாயங்காலக் கடை போடவில்லை. நாலு மணிக்கே போய் கேட்டுக்கு வெளியே, கொன்றைக்கு எதிரில் நின்றோம். மணி அடித்தது. சின்ன வகுப்புப் பெண்கள் ஓடி வந்தார்கள். சிலர் கையில் காலி பாட்டிலைச் சுழற்றிக்கொண்டு வந்தார்கள். தான் நினைத்தது தப்போ என்பதுபோல அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு பெரிய பெண்கள் வந்தார்கள். முதல் பெண் நடந்தபடியே மூடியைத் திருகினாள். கவிழ்த்தாள். பின்னாலேயே அடுத்தவள். உதிர்ந்த பூக்கள் தண்ணீரில் நகர்ந்தன. பத்து வருஷமாக அழகான கதையாகச் சொல்லிவந்த காட்சி. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

அக்கா ஒருத்தியை நிறுத்தினாள். எட்டாவது படிப்பவளாம். “ஏம்மா ஊத்துற?”

“எடுத்துகினு போனா அம்மா திட்டும்கா.”

“குடிக்க வேண்டியதுதான?”

அவள் தோழியைப் பார்த்துச் சிரித்தாள். தோழிதான் சொன்னாள்: “இன்டர்வெல்ல ரெண்டுதான்கா தொறப்பாங்கோ. லைனு போயி சேர்றதுக்குள்ள பெல்லு அடிச்சிரும்.”

அக்கா நேராக உள்ளே போனாள். தலைமை ஆசிரியை கிளம்பிக்கொண்டிருந்தார். சண்டை வரும் என்று பயந்தேன். அக்கா குரலை உயர்த்தவில்லை. “இந்த ஸ்கூல்ல ஏழு வருஷம் தண்ணி குடிக்காம படிச்சேன் டீச்சர். இப்ப என் பொண்ணச் சேக்கலாமான்னு பாக்க வந்தேன்.”

அவர் தோளில் மாட்டிய பையைக் கழற்றி மேஜையில் வைத்தார். “உக்காருங்கம்மா.”

“மீனு வாசன...”

“உக்காருங்க.”

அவர் மழுப்பவில்லை. சுத்தம் செய்ய ஒரே ஒரு ஆள். மோட்டார் அடிக்கடி நின்று மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறுவதில்லை. எல்லாக் கதவையும் திறந்துவிட்டால் மத்தியானத்துக்குள் யாரும் உள்ளே போகமுடியாது. அதனால் பூட்டு. “நான் தனியா எழுதினா லெட்டர் ஃபைலுக்குள்ள போயிடுது. பள்ளி மேலாண்மைக் குழுவுல பெத்தவங்கதான் அதிகம். நீங்க தீர்மானம் போட்டுக் குடுத்தா அதுக்கு வேற மதிப்பு. கூட்டம் போட்டா நாலு பேர் வர்றதில்ல.”

“எத்தினி மணிக்கு வைக்கறீங்கோ?”

“வெள்ளிக்கிழமை மூணு மணி.”

“மூணு மணிக்கு எந்த மீன்காரி வருவா டீச்சர்? அப்பதான் கடை போடுவோம். ஒரு மணிக்கு வைங்கோ, பத்து பேர நான் இட்டாறேன்.”

“பொண்ணைச் சேர்த்தாத்தான் நீங்க குழுவுக்கு வர முடியும்” என்று அவர் லேசாகச் சிரித்தார்.

அக்கா யோசித்தாள். சுவரைப் பார்த்தாள். “ஒரு சாவி பசங்க கையில இருக்கணும். ஆறாவது கிளாஸு வாசல்ல ஆணி அட்ச்சி மாட்டிவைங்கோ. எப்ப வேணுமோ எடுத்துகினு போவட்டும்.”

“தொலைச்சிடுவாங்களேம்மா.”

“தொலச்சா வேற பூட்டு நான் வாங்கியாறேன். எல்லாத்தையும் வேணாம், சின்னப் பசங்களுக்கு ரெண்டு, பெருசுங்களுக்கு ரெண்டு.”

அவர் தலையசைத்தார். அக்கா என் பக்கம் கையை நீட்டினாள். “பேனா குடு. ஃபாரம் ரொப்பணும்.”

ஜூனில் சாவி ஆணியில் தொங்கியது, தொலையாமலிருக்க ஒரு மரக்கட்டையோடு கட்டி. ஒரு மணிக் கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தார்கள். நாலு பேர் கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்தவர்கள். மோட்டாரை ஒரு சனிக்கிழமை நான் போய்ப் பார்த்தேன். தொட்டிக்குள் மிதவை துருப்பிடித்து மேலேயே மாட்டிக்கொண்டிருந்தது. தொட்டி நிரம்பிவிட்டதென்று அது பொய் சொல்ல, மோட்டார் நம்பி நின்றுவிடும். மாற்றினேன். இரண்டாவது துப்புரவு ஆள் கேட்டுத் தீர்மானத்தோடு அனுப்பிய கடிதத்துக்கு இன்னும் பதிலில்லை. கணக்கு ஆசிரியர் இடமும் காலிதான்.

முதல் நாள் அக்கா மகள் வந்ததும், அக்கா எப்படியிருந்தது என்று கேட்கவில்லை. பையிலிருந்து பாட்டிலை உருவி ஆட்டிப் பார்த்தாள். நிறைந்திருந்தது. அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். கெடு முடிந்திருந்தாலும், மணலிப் பள்ளிக்கு அப்போதும் போன் செய்து கேட்டிருக்கலாம்.

“தாகமே எடுக்கலமா” என்றாள் சின்னவள்.

“பொய் சொல்லாத.”

“யாரும் கூட வரல. புது எடம். பயமா இருந்திச்சு.”

அக்கா பாட்டிலைக் கழுவக் கொண்டுபோனாள். இரண்டாம் நாளும் நிறைந்தே வந்தது. மூன்றாம் நாள் பாதி. அக்கா பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

“சித்தி, நானும் என் பக்கத்துல உக்கார்ற பொண்ணும் சாவி எடுத்துகினு போனோம்” என்று என்னிடம் சொன்னாள் சின்னவள். “உள்ள நாறிச்சு. ஆனா குழாய்ல தண்ணி வந்துச்சு.”

இப்போது தெருவில் யாராவது அந்தப் பள்ளியில் சேர்க்கலாமா என்று கேட்டால், பட்டியலைக் கொடுக்கிறேன். ஆய்வகம், ஆசிரியர், குரூப் எல்லாம் அதில் இருக்கிறது. கூடவே பத்தொன்பதாவதாக ஒன்று சொல்கிறேன்: காலையில் ஆபீஸில் சொல்லிவிட்டுப் போய்ப் பார்க்காதீர்கள். நாலு பத்துக்குக் கேட்டுக்கு வெளியே நின்று பெண்களின் பாட்டிலைப் பாருங்கள். தனியார் பள்ளியானாலும் அதையே பாருங்கள்.

போன கூட்டத்துக்கு லீவு போட்டு நானும் அக்காவோடு போனேன். திரும்பும்போது கேட்டருகே அவள் நின்றாள். கொன்றைக்கடியில் மண் வெளிறி வெடித்திருந்தது. இலைகளும் முன்புபோல இல்லை.

“உன் மரம் வாடுதுடி” என்றாள்.

“வாடட்டும்கா.”

“சீ, அது இன்னா பண்ணிச்சு?” கூடையிலிருந்து தன் பாட்டிலை எடுத்தாள். அடியில் இரண்டு வாய் அளவு தண்ணீர் இருந்தது. குனிந்து வேரில் ஊற்றினாள். “இது நான் குட்ச்சது போவ மிச்சம்” என்றாள்.