கிடத்தினால் கண்மூடும் பொம்மை

அம்மையின் இரும்பு அலமாரியில், கல்யாணச் சேலைகளுக்கும் அடியில், ஒரு பொம்மை இருந்தது. தூக்கினால் கண் திறக்கும்; கிடத்தினால் மூடிக்கொள்ளும். மாமா வளைகுடாவுக்குப் போய் முதல் விடுப்பில் வந்தபோது மற்றவர்களுக்கெல்லாம் சோப்பும் தைலமும் கொண்டுவந்தார்; எனக்கு இது. மஞ்சள் முடி, நீலக் கண், எங்கள் தெருவில் ஒருவருக்கும் இல்லாத நிறம். போன டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தபோது அலமாரியை ஒதுக்கினேன்; அது வெளியே வந்தது. இடது கை விரலை எலி கடித்திருந்தது. பொம்மையோடு என் பழைய கோபமும் வெளியே வந்தது. அதை எந்த எலியும் தொட்டிருக்கவில்லை.

கோபம் ஐயரம்மா மேல். எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் மனைவி ஐயரம்மா. சில வருடங்களுக்கு ஒருமுறை ஐயர்கள் மாறிப்போவார்கள். சிதறால் மலைக்குக் கீழே இருக்கும் எங்கள் சபைக்கு, நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது வந்தவர் இந்த ஐயரம்மா. குள்ளமான உருவம், கணீரென்ற குரல், கஞ்சி போட்ட பருத்திச் சேலை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அவரைக் கண்டால் பயம். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் அன்று முழுவதும் எங்களுக்குத் தலைகால் புரியாது.

அவர்தான் என்னைக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் மரியாளாகத் தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுத்தது என்னையா, என் பொம்மையையா என்று இன்றும் சந்தேகம்தான். ஒருநாள் அதைத் தூக்கிக்கொண்டு ஆலயத்துக்குப் போயிருந்தேன். வாங்கி, கிடத்தி, தூக்கிப் பார்த்துவிட்டு, "பாலன் இயேசுவுக்கு இதுக்க மேல ஒண்ணு கிட்டாது" என்றார். நாசரேத்தூர்த் தச்சன் வீட்டில் நீலக் கண்ணும் மஞ்சள் முடியுமாக ஒரு பிள்ளை எப்படிப் பிறந்தது என்று எங்கள் சபையில் ஒருத்தரும் கேட்கவில்லை. முடியை வெள்ளைத் துணியால் மூடினால் போதும் என்று முடிவாயிற்று.

அந்த நாடகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மரியாளாக நிற்கிற பிள்ளையின் அம்மை திரைக்குப் பின்னால் நிற்பாள். பாட்டு தொடங்கியதும் திரை இடுக்கு வழியாகக் குழந்தையை எடுத்துத் தன் மகள் கையில் கொடுப்பாள். மகள் அதை வாங்கி, மாட்டுத் தீவனத் தொட்டியான முன்னணையில் கிடத்துவாள். யார் தொடங்கி வைத்ததோ தெரியாது. இந்த வருடம் யாருடைய அம்மை குழந்தையைக் கொடுத்தாள், கொடுக்கும்போது எப்படி அழுதாள் என்று பெண்கள் அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் பேசுவார்கள்.

ஒத்திகைக்குப் பலகைப் பெட்டிதான் முன்னணை. எங்கள் ஊரில் எங்கே பார்த்தாலும் ரப்பர். வைக்கோல் வேண்டுமென்றால் சுசீந்திரம் பக்கம் ஆள் போக வேண்டும். அந்த வைக்கோல் கழுத்தில் ஏறி அரிக்கும், ஆனாலும் மரியாள் சொறியக் கூடாது. ஒரு மாலை அம்மை என்னைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்றாள். அவளுக்குக் காட்ட வேண்டும் என்றே பொம்மையை மெல்லக் கிடத்தினேன். அது கண்ணை மூடிக்கொண்டது. பெருமையோடு திரும்பிப் பார்த்தால் அம்மை அங்கே இல்லை. கொஞ்ச நாள் முன்பு, ஐப்பசி மழையில், அவள் வயிற்று நோவென்று ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்போது என்னை நாகர்கோவிலில் பெரியம்மை வீட்டில் விட்டிருந்தார்கள். நோவு இன்னும் விடவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஐயரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "மக்கா, நீ நட்சத்திரம் பிடிச்சா மதி" என்றார். அது போதுமாம்; காரணம் சொல்லவில்லை. நட்சத்திரம் என்றால், கம்பில் கட்டிய காகித நட்சத்திரத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பின்னாலேயே நடக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு நட்சத்திரம் தெரியும், நான் தெரியமாட்டேன். கணக்கு வாத்தியாரின் மகள் மரியாள் ஆனாள். அவள் அம்மை எடுத்துக் கொடுத்தது ஒரு வெள்ளைத் துவர்த்தைச் சுருட்டிக் கட்டிய குழந்தை. கடல் கடந்து வந்த என் பொம்மை, குளித்துத் துவட்டுகிற துவர்த்திடம் தோற்றது! திரைக்குப் பின்னால் அழுதுகொண்டே நடந்தேன். நட்சத்திரம் நிஜமாகவே மின்னுவதுபோல ஆடியது என்று எல்லோரும் மெச்சினார்கள்.

ஐயர் மாறிப்போன நாளில் பிள்ளைகள் வரிசையாக நின்று ஐயரம்மாவிடம் முத்தம் வாங்கினார்கள். நான் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு, முகம் தெரிகிற எந்த இடத்துக்கும் நான் போதாதவள் என்ற எண்ணம் எனக்குள் முள்ளாகக் கிடந்தது. கல்லூரியில் மேடை ஏறச் சொன்னால் மாட்டேன் என்பேன். அலுவலகத்தில் பேசச் சொன்னால் பக்கத்து நாற்காலிக்காரரைக் கைகாட்டுவேன். ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் ஐயரம்மாவைத் திட்டுவேன். ஒரு கோபத்தை இவ்வளவு காலம் சோறு போட்டு வளர்க்க முடியும் என்பது எனக்கே ஆச்சரியம்தான்.

போன டிசம்பரில் அலமாரியை ஒதுக்கிய அன்று, பொம்மையைத் தூசி தட்டிக்கொண்டே, "ஐயரம்மா வேண்டாம்ணு தள்ளின பிள்ளையாக்கும் இது" என்றேன், சிரிப்பாகத்தான். அம்மை சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அவிய உன்னத் தள்ளல்ல மக்களே."

அந்த ஐப்பசியில் அம்மைக்கு வந்தது வயிற்று நோவு அல்ல. எனக்கு ஒரு தம்பி, மாதம் திகையும் முன்பே, மூச்சில்லாமல் பிறந்திருக்கிறான். பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொல்கிற வழக்கம் அன்று இல்லை. துணியில் சுற்றி ஒரே ஒரு தடவை அவள் கையில் கொடுத்தார்களாம். கண் மூடியிருந்ததாம். அன்று வாசலில் நின்றவள் என் பொம்மை கண் மூடுவதைக் கண்டதும் ஆலயத்துக்குப் பின்னால் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டாள். ஐயரம்மா தேடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மை வாயே திறக்கவில்லை. திரைக்குப் பின்னால் நின்று அந்தப் பிள்ளையை என் கையில் எடுத்துத் தர இவளால் ஆகாது என்று ஐயரம்மாவே கண்டுகொண்டார்.

"வேற ஆரையாவது குடுக்கச் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"பெத்தவ இருக்க வேற ஒருத்தி குடுத்தா ஊரு வாய் சும்மா இரிக்குமா? மொத்தப் பேரும் எனக்க முகத்தையில்லா பாப்பாவ." பிறகு மெதுவாகச் சொன்னாள். "மரியாள மாத்தப் போறேன்ணு அவிய சொன்னப்ப, பிள்ளைக்கு வெசனம் வருமேண்ணு நான் கேட்டேன். 'எனக்க மேல கோவிச்சா கோவிக்கட்டு. நாங்க மாறிப் போறவிய. நீ அவளுக்க கூட இருக்கப்பட்டவ. உனக்க மேல அவளுக்கு ஒண்ணும் வரண்டாம்'ணு சொன்னாவ." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ கோவிச்சியா மக்களே?"

இல்லை என்றேன். அவளிடம் வேறென்ன சொல்ல? அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். உடனே மனம் உருகிவிட்டது என்று எழுதினால் பொய். முதலில் இன்னொரு கோபம் வந்தது, இத்தனை காலம் எனக்கு ஏன் சொல்லவில்லை என்று. அது அன்று இரவைக்கூடத் தாண்டவில்லை. நான் ஐயரம்மாமேல் கோபத்தை எறிந்ததாக நினைத்திருந்தேன். அவரோ எங்கள் அம்மைக்கு முன்னால் நின்று, தெரிந்தே கைநீட்டி வாங்கியிருக்கிறார். வேறொரு வீட்டுப் பிள்ளையின் வெறுப்பை இப்படி வாங்கிக்கொள்ள எனக்குத் தைரியம் வருமா? வராது.

ஐயரம்மா இப்போது மாவட்டத்தின் மறுகோடியில், அஞ்சுகிராமத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். பொம்மையைப் பையில் வைத்துக்கொண்டு நாகர்கோவிலில் பஸ் மாறிப் போனேன். அங்கே ரப்பர் இல்லை, காற்றும் காற்றாலைகளும்தான். "அம்மைக்கு இப்ப ஆளு பிடிகிட்டாது, கேட்டியளா" என்று மகள் முன்கூட்டியே சொன்னாள். அந்தக் கணீர்க் குரல் நூலாக இளைத்திருந்தது. ஊரைச் சொன்னேன், அப்பா பெயரைச் சொன்னேன், நட்சத்திரத்தைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், ஒன்றும் பிடிபடவில்லை. நன்றி சொல்லத்தான் வந்திருந்தேன். வேறு வழி தெரியாமல் பொம்மையை எடுத்து அவர் மடியில் கிடத்தப் போனேன்.

"கெடத்தாத மக்கா."

கைநீட்டி வாங்கினார். நிமிர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டு முதுகில் தட்டிக் கொடுத்தார். "கெடத்தினா கண்ணடைக்கும். அம்மை பாத்திருவா."

அவர் தட்டிக்கொண்டே இருந்தார். சற்றுக் கழித்து, "அம்மை இப்ப உறங்குதாளா?" என்று கேட்டார்.

"உறங்குதா ஐயரம்மா. நல்லா உறங்குதா."

"அது மதி" என்றார்.

திரும்பும்போது பொம்மையைப் பையில் போட மனம் வரவில்லை. பஸ்ஸில் மடியில் உட்காரவைத்துக்கொண்டேன். நரைத்த தலையோடு ஒருத்தி பொம்மையைக் கட்டிக்கொண்டு அழுவதை எதிர்வரிசைப் பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன். முகத்தை மறைக்கத் தோன்றவில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் அம்மையிடம் சொன்னேன். அவள் பொம்மையை வாங்கி, எலி கடித்த விரலைத் தடவிப் பார்த்தாள். இப்போது அது சேலைகளுக்கு அடியில் இல்லை. அலமாரிக்கு மேலே, சுவரில் சாய்ந்து, கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. அங்கே வைத்தது அம்மைதான்.