நான் வாங்கிக் கொடுத்த கையெழுத்து

எங்கள் காலனி உயரத்தில் இருக்கிறது. பெருமைக்குச் சொல்லவில்லை. பஸ் ரோட்டை ஒட்டி இருக்கிற கடை, பள்ளிக்கூடம், கோவில், ரேஷன் எல்லாம் கீழூர்க்காரர்களுக்கு. ரோட்டை விட்டு ஒற்றையடிப் பாதையில் கால் மணி நேரம் ஏறினால், வேறு யாருக்கும் வேண்டாத பாறை மேட்டில் நாங்கள். கொட்டச்சேடு போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் வருகிற டூரிஸ்ட்டுகள் எங்கள் மேட்டைப் போட்டோ எடுப்பார்கள். எவ்வளவு அழகான இடத்தில் இருக்கிறார்கள் என்று நினைப்பார்கள் போல. பள்ளத்து ஊற்றுக்கு இறங்கி, நிறைகுடத்தோடு ஒரு தரம் ஏறிப் பார்த்தால் அழகு என்னவென்று தெரியும்.

சர்டிபிகேட்டில் எங்களை எஸ்.சி. என்று எழுதுவார்கள். கீழூரில் 'மேட்டுக் காலனிக்காரங்க' என்பார்கள். டீக்கடையில் இப்போது எல்லோருக்கும் ஒரே பேப்பர் கப்தான். அதனால் சாதியெல்லாம் போயே போய்விட்டது என்று கீழே பலர் நம்புகிறார்கள். நானும் பாதி நம்பிக்கொண்டுதான் இருந்தேன். அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா போன வருஷம் ஐப்பசி மழையில் ஊற்றுப் பாதையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பில் விரிசல். சேலத்தில் மூன்று வாரம் படுத்துக் கிடந்துவிட்டு வந்தவர், இன்றைக்கும் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறார். அவர் வீட்டுக்கு நாங்கள் நாலைந்து பேர் முறை வைத்துத் தண்ணீர் சுமக்கிறோம். ஒவ்வொரு குடத்தையும் இறக்கி வைக்கும்போது அவர் முகம் சுருங்கிப் போகும். அடுத்தவர் சுமந்து வந்த தண்ணீரில் முகம் கழுவக்கூட யோசிப்பார். அதனால் டேங்க் வருகிறது என்றதும் காலனியிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவர் அவர்தான்.

டேங்க் வருகிற சேதியைச் சொன்னவர் எங்கள் வார்டு மெம்பர். கீழூர்க்காரர், காபியும் மிளகும் போட்ட தோட்டம் உண்டு, ஊராட்சிக்குத் துணைத் தலைவரும் அவரே. ஓட்டுக் கேட்டு வந்தபோது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடேறி, மூச்சு வாங்கப் பாறையில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, இத்தன நாளா எப்படிங்க குடத்தத் தூக்கிட்டு ஏறுனீங்க? நான் ஜெயிச்சா மொத வேலையே இங்க ஒரு டேங்குங்க. இதுதான் நல்ல உசரம். இங்கிருந்து தொறந்துவுட்டா கீழூரு வரைக்கும் தண்ணி தானா ஓடுமுங்க."

கீழூரில் எங்களை 'ங்க' போட்டுப் பேசுகிற ஒரே ஆள் அவர். காலனி மொத்தமும் அவருக்கே குத்தியது. எங்கள் மேட்டில் கட்டத்தான் ஆர்டர் வந்திருக்கிறது என்று அவரே வந்து சொன்னபோது சால்வை போர்த்தினோம். அந்தச் சால்வையை வாங்க அடிவாரம் தாண்டிச் சேலம் வரை போய் வந்தது நான்.

நான் பிளஸ் டூ. காலனியில் என் வயசுக்காரிகளில் அவ்வளவு படித்தவள் நான் ஒருத்திதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. நூறு நாள் வேலையில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று குறிக்கிற பொறுப்பு என்னிடம் இருந்தது. இன்னொரு வேலையையும் கூடவே செய்துகொண்டிருந்தேன். கிராம சபைக் கூட்டம் வருஷத்தில் சில நாட்கள் நடக்க வேண்டும், அதற்கு இத்தனை பேராவது வந்திருக்க வேண்டும் என்று சட்டம். கீழூர்க்காரர்கள் வர மாட்டார்கள். அவர்களுக்குத் தோட்டம், கடை. அதனால் ஊராட்சிக் கிளார்க் தீர்மான நோட்டை நாங்கள் வேலை செய்கிற இடத்துக்கே அனுப்பிவிடுவார். தீர்மானம் எழுத வேண்டிய பக்கங்கள் வெறுமையாக இருக்கும். அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து கையெழுத்து. எங்கள் ஆட்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வரிசையாக வந்து போடுவார்கள். கூட்டம் நடந்ததா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

போன மே தினத்துக்கும் அப்படித்தான் நோட்டு வந்தது. அக்கா அன்று கல் பொறுக்கிப் போடுகிற லேசான வேலையில் இருந்தார். "எதுக்கு கண்ணு இது?" என்று அவர் மட்டும் கேட்டார்.

"கூட்டத்துக்கு வந்த மாதிரி காட்டறதுக்குக்கா. போடுங்க, நேரமாவுது" என்றேன்.

அரை மணி நேரத்தில் நோட்டை நிரப்பிக் கொடுத்தேன். இவ்வளவு வேகமாக எங்கேயும் நடக்காது என்று கிளார்க் பாராட்டினார். சாயங்காலம் வரை அந்தப் பாராட்டை அசைபோட்டுக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் ரேஷனுக்கு இறங்கினபோது, கீழூர்க் கோவில் மைதானத்தில் நாலு மூலைக்கும் சுண்ணாம்பு போட்டுக் குறித்திருந்ததைப் பார்த்தேன். டேப் பிடித்துக்கொண்டிருந்தவரிடம் என்னவென்று கேட்டேன். "வாட்டர் டேங்குங்க" என்றார். இங்கேயா என்றேன். "இங்கதாங்க. எடம் மாத்திட்டாங்க" என்று சொல்லிவிட்டு டேப்பைச் சுருட்டினார். கீழே கட்டுகிற டேங்கிலிருந்து தண்ணீர் மேடேறி எங்கள் வீட்டுக்கு வராது என்பதற்குப் பிளஸ் டூ தேவையில்லை. மெம்பர் வீட்டுக்கு ஓடினேன். "அதெல்லாம் ஆபீசுக்காரங்க வேலைங்க. நான் கேட்டுச் சொல்றேனுங்க" என்றார். அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை.

காலனியில் கூடிப் பேசினோம். ஓட்டு வாங்கினவர் எங்களுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும், அதுவும் நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. சுதந்திர தினத்தன்று கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து முடிந்ததும் பள்ளிக்கூட வராந்தாவில் கிராம சபை. முதல் தடவையாகக் காலனி மொத்தமும் இறங்கிப் போனோம். அக்காவை இரண்டு பேர் தாங்கிக் கூட்டி வந்தோம். கூட்டத்துக்கு நிஜமாகவே ஆள் வரும் என்று கிளார்க் எதிர்பார்த்திருக்கவில்லை, பாவம். இரண்டே இரண்டு பாய்தான் விரித்திருந்தார். தலைவர் வேறு விழாவுக்குப் போயிருந்ததால் மெம்பர்தான் நாற்காலியில்.

நான் எழுந்தேன். "டேங்கு எதுக்குக் கீழ போச்சுன்னு மெம்பரு சொல்லோணுங்க. நாங்க ஓட்டுப் போட்டிருக்கறோம். எங்களுக்கு நீங்க பதில் சொல்லோணும்."

மெம்பர் சிரித்தார். "நீங்க கேட்டுத்தானுங்க கீழ வந்துச்சு" என்றவர், மே மாதத் தீர்மானத்தைப் படிக்கச் சொல்லிக் கிளார்க்குக்குக் கை காட்டினார்.

கிளார்க் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். மேட்டுக் காலனி மக்கள் தங்களுக்கு ஊற்று நீர் போதுமானதாக இருப்பதாகத் தெரிவித்ததாலும், தங்கள் பகுதியில் குடிநீர்த் தொட்டி தேவையில்லை என்று கேட்டுக்கொண்டதாலும், தொட்டியைக் கீழூரில் கட்ட இக்கிராம சபை ஒருமனதாகத் தீர்மானிக்கிறது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்ல தமிழில் படித்ததால் பாதிப் பேருக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. மெம்பர் நோட்டை வாங்கி என் பக்கம் திருப்பிப் பிடித்தார். முதல் கையெழுத்து என்னுடையது. அடியில் அழகாக ஒரு கோடு வேறு இழுத்திருந்தேன். எனக்கு நாலு பெயர் கீழே அக்காவின் கையெழுத்து, முதியோர் கல்வியில் கற்றுக்கொண்ட அந்தக் கோணல் எழுத்துகள். ஊற்றுப் பாதையில் இடுப்பை உடைத்துக்கொண்டவர் ஊற்று நீர் போதும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை வாங்கிக் கொடுத்தவள் நான்.

"இது வெத்து நோட்டா இருந்துச்சு. பொறவு எழுதியிருக்கறீங்க" என்றேன்.

"எப்பவும் அப்பிடித்தானுங்களே எழுதறது? புதுசாவா நடக்குது? நோட்ட நெரப்பிக் குடுக்கறதே நீங்கதானுங்க" என்றார். அவர் சொன்னது உண்மை.

"சரிங்க, எதுக்கு மாத்துனீங்க? அதச் சொல்லுங்க."

அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். குரலைத் தணித்துக்கொண்டு, பிடிவாதம் பிடிக்கிற குழந்தைக்கு எடுத்துச் சொல்வது மாதிரி சொன்னார். "நீயே ரோசன பண்ணு கண்ணு. தண்ணி உங்க தெருவுல நின்னு, உங்க கை பட்டுக் கீழ எறங்குனா ஊருல அல்லாரும் குடிப்பாங்களா? கோயிலுக்கும் அந்தத் தண்ணிதான போவோணும்? எனக்கு ஒண்ணுமில்ல. நாலு பேரு கேக்கறாங்க."

திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது. அவர் முகத்தில் கோபமே இல்லை. நான் புரிந்துகொள்வேன், தலையாட்டுவேன் என்று எதிர்பார்த்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வராந்தாவில் இருந்த கீழூர்க்காரர்களைப் பார்த்தேன். தினம் எனக்கு வணக்கம் சொல்கிறவர்கள். எங்கள் காலனிப் பிள்ளைகளோடு தங்கள் பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிறவர்கள். ஒருவர்கூட திடுக்கிடவில்லை. ஒருவர் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். கிளார்க் அடுத்ததாகத் தெருவிளக்கு என்று ஆரம்பித்தார்.

அக்கா என் புடவையைப் பிடித்து இழுத்தார்.

"அன்னைக்கு நீ படிச்சுப் பாத்தியா?"

"வெத்துப் பக்கமுங்கக்கா. படிக்க ஒண்ணுமே இல்ல."

"வெத்துப் பக்கத்துலயா எங்கிட்ட கையெழுத்து வாங்குன?"

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் எங்கள் ஆட்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மெம்பரை இத்தனை பேர் இப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்துத்தான் எல்லோரையும் கூட்டி வந்தேன். பார்வை என் மேல் விழுந்தது.

அந்த நேரம் பார்த்துக் கிளார்க் நோட்டை நீட்டினாரே பாருங்கள்! "வந்ததுதான் வந்தீங்க, இன்னைக்குக் கூட்டத்துக்கு அல்லாரும் ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருங்க" என்றார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "யாரும் போடாதீங்க. வாங்க, ஊட்டுக்குப் போலாம்" என்றார். ஒரு வார்த்தை மறு பேச்சில்லாமல் எல்லோரும் எழுந்தார்கள்.

கிளார்க்குக்கு வேர்த்துவிட்டது. "ஐயோ, நீங்க போடாட்டிக் கூட்டமே செல்லாதுங்க! கீழூர்ல பத்துப் பேருகூட வரலீங்க! கலெக்டர் ஆபீசுல கேட்டா ஊராட்சிக்கே சிக்கலுங்க!" என்று உளறினார். மெம்பர் அவரை முறைத்தார். ஆனால் வாயிலிருந்து வந்தது வந்துவிட்டது. இத்தனை வருஷம் அந்தக் கூட்டமே எங்கள் கையெழுத்தில்தான் நடந்துகொண்டிருந்தது என்று எங்கள் ஆட்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் போடாவிட்டால் அது நின்றுவிடும் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. எவ்வளவு நாளாகக் காதில் பூச்சுற்றியிருக்கிறார்கள்!

அக்கா வாசல்படியில் நின்றார். "கூட்டம் நடக்கோணும்னா மேட்டுல வந்து நடத்துங்க. டேங்கு பழைய எடத்துலயே கட்டோணும்னு மெம்பரு அவரு கைப்பட எழுதட்டும்" என்று சொல்லிவிட்டுக் காலை இழுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

மதியம் மூன்று மணிக்கு மெம்பரும் கிளார்க்கும் நோட்டோடு மேடேறி வந்தார்கள். ஓட்டுக் கேட்ட நாளுக்கும் சால்வைக்கும் பிறகு அன்றுதான் அவர் மேடேறினார். நாங்கள் எல்லோரும் பாறையில் உட்கார்ந்திருந்தோம். 'ங்க' திரும்ப வந்திருந்தது. "எதுக்குங்க இவ்வளவு பெருசாக்கறீங்க" என்று சொல்லிக்கொண்டே எழுத உட்கார்ந்தார். மே மாதத் தீர்மானம் ரத்து. தொட்டி மேட்டுக் காலனியிலேயே. அங்கிருந்துதான் கீழூருக்கும் குழாய். அடித்து அடித்து எழுதினார். அந்தத் தீர்மானத்தை வைத்துத்தான் பிறகு ஆபீசுக்கு ஏறி இறங்கினோம். இப்போது எங்கள் மேட்டில் தூணுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கீழூரில் அந்தத் தண்ணீரைக் குடிப்பார்களா இல்லையா என்பது அவர்கள் பாடு.

எழுதி முடித்ததும் மெம்பர் நோட்டை என்னிடம்தான் நீட்டினார். நோட்டு நிரப்புகிறவள் நான்தானே. நானும் யோசிக்காமல் வாங்கி, கையெழுத்துப் போடுகிற பக்கத்தைத் திருப்பி, பேனாவோடு அக்காவின் மடியில் வைத்தேன். இவ்வளவு நடந்த பிறகும் என் கை தானாக அதைச் செய்தது. அக்கா பேனாவைத் தொடவில்லை.

"மொதல்ல நீ படி. பொறவு மெம்பரு படிக்கட்டும். ரெண்டு பேரு படிக்கறதும் ஒண்ணா இருந்தாப் போடறோம்."

எனக்குச் சுருக்கென்றது. அவருக்காகப் பத்து மாசமாகக் குடம் சுமக்கிறவள் நான். என்னையும் அந்த ஆளையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டாரே என்று கோபம்கூட வந்தது. சுற்றிலும் பார்த்தேன், யாராவது எனக்காக ஒரு வார்த்தை சொல்வார்களா என்று. எல்லோரும் நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெம்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கீழே தெரிந்த தன் தோட்டத்தைப் பார்த்தார்.

படித்தேன். வேகமாகப் படித்தே பழகின எனக்கு அன்று ஒவ்வொரு வார்த்தையும் தடுக்கியது. முடித்துவிட்டு நோட்டை மெம்பரிடம் நீட்டினேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னொருக்கா படி" என்றார்.