குழியோரத்துக் கீழாநெல்லி

என் அக்காவின் கருவாட்டில் புழு இருக்காது. சுண்ணாம்புக்குளம், எளாவூர்ப் பக்கத்து வியாபாரிகள் படகேறி எங்கள் பசியாவரத்துக்கு வந்தால், வேறு யார் வீட்டிலும் நிற்காமல் நேரே அவளிடம்தான் வருவார்கள். அதில் அவளுக்குப் பெருமை. கணவன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் போன பிறகு அவள் எங்களோடுதான் இருந்தாள். அம்மாவும் நானும் அவள் கையை நம்பித்தான் சாப்பிட்டோம்.

புழு இல்லாததற்குக் காரணம் ஒரு பொடி. வியாபாரி ஒருவர் சாக்கில் கொண்டுவந்து போட்ட பூச்சி மருந்து அது. சாம்பல் கலந்த வெள்ளை நிறம், மூக்கில் ஏறும் நாற்றம். நாங்கள் யாரும் அதை மருந்து என்று சொன்னதில்லை. மாவு என்போம். மழைக்காலத்தில் வெயில் போதாமல் மீன் காய்வதற்குள் ஈ முட்டை வைத்துவிடும். அக்கா பழைய ரவிக்கைத் துணியில் மாவை முடிந்து மீன் மேல் தட்டிக்கொண்டே போவாள். காற்று திரும்பினால் அவள் புருவமெல்லாம் வெளுத்துவிடும். எங்கள் குழம்புக்கு எடுத்து வைக்கும் கருவாட்டில் மட்டும் தட்டமாட்டாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. தீவில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்தார்கள். காலிச் சாக்குகளைத் துணி துவைக்கிற குழியோரம் உதறி, அங்கேயே அலசுவார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு ஐப்பசி மழையில், அக்காவின் கண் மஞ்சளானது.

"மஞ்ச பூசிக் குளிச்ச கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கேன், இல்லடி?" என்று கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. கீழாநெல்லியை வேரோடு அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, வெறும் வயிற்றில் ஆட்டுப்பாலில் கொடுக்க வேண்டும் என்றாள். உப்பு, எண்ணெய், மீன் எதுவும் கூடாது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மருந்துச் செடி பறிக்கப் போகிறவர்கள் போகும்போதும் வரும்போதும் யாரிடமும் பேசக் கூடாது.

"அப்போ இவதான் சரி," என்றாள் அக்கா. "இவ மத்த நாள்ல மட்டும் இன்னா பேசிக் கிழிக்கிறா?"

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. எட்டாவதோடு படிப்பு நின்றிருந்தது. வெளியாட்களைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடைக்குப் போனாலும் வேறு யாராவது கேட்கட்டும் என்று ஓரமாக நிற்பேன்.

"குழியாண்ட நெறைய மொளச்சிருக்குது," என்றேன்.

"வோணாம்டி. அங்கதான் நாங்க மாவு சாக்கு ஒதர்றோம். பழவேற்காட்டுல பாயம்மா வூட்டுக் கெணத்தாண்ட சுத்தமா இருக்கும். போய்ப் பறிச்சுக்கோ."

பாயம்மா என்று நாங்கள் சொன்னது, அக்கா மாதாமாதம் கருவாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு பழைய வணிகக் குடும்பத்து அம்மாள். அந்த வீட்டை வெளியிலிருந்து மட்டும் பார்த்திருக்கிறேன்.

அன்று மத்தியானமே அந்த மாதக் கருவாட்டைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அக்கா பழவேற்காட்டுக்குப் போய் வந்தாள். மறுநாள் விடிந்ததும் நான் படகேறினேன். கூடை வைத்திருந்த பெண்கள் விடவில்லை.

"இன்னாடி, அக்காளுக்கு எப்பிடி இருக்குது?"

மருந்துக்குப் போகிறவள் பேசக் கூடாதே. தலையை மட்டும் ஆட்டினேன்.

"வாய்ல கொழுக்கட்டய அடைச்சுக்கினு வந்திருக்குதுடி இது. இதக் கட்டிக்கப் போறவன் குடுத்து வச்சவன்!"

படகே சிரித்தது. பாயம்மா வீட்டு வாசலில் நான்கைந்து ஆண்கள் பாய் விரித்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப் பக்கத்துச் சுவரோடு ஒட்டி நின்றேன். அவர்கள் எழுந்திருக்கவில்லை. ஒருவர் என்னைப் பார்த்து, "யாரும்மா, இன்னா வேணும்?" என்று நல்ல விதமாகத்தான் கேட்டார். பேசக் கூடாது என்பது நினைவுக்கு வந்தது. அது நினைவுக்கு வந்ததில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முடியவில்லை. குழியோரம் செடி பச்சைப்பசேலென்று முழங்கால் உயரம் நின்றது. ஒரு கைப்பிடி பறித்தேன். கழுவினால் போய்விடும் என்று நினைத்தேன். அந்தக் குழித் தண்ணீரிலேயே கழுவினேன்.

"பாயம்மா வூட்டுதுதானே?" என்று கேட்டாள் அம்மா.

"ம்."

அந்த ஒரு எழுத்துதான் நான் சொன்ன பொய். அதற்கப்புறம் தினமும் விடியலில் கிளம்பி, தீவின் மறுபக்கம் போய் உட்கார்ந்திருப்பேன். காலைப் படகு திரும்புவது தெரிந்ததும் குழியோரம் வந்து பறித்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். படகுக்காரரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. என்னைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை.

அம்மா அரைப்பாள். அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். "நாறுதுடி. மாவு மாதிரியே நாறுது," என்று ஒருநாள் சொன்னாள். "உன் மூக்குலயே மாவு நாத்தம் ஏறிக் கெடக்குது," என்றாள் அம்மா. நான் அம்மிக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் வாரத்தில் கண் கொஞ்சம் தெளிந்தது போலிருந்தது. நான் செய்தது தப்பில்லை என்று மனசு சொல்லிக்கொண்டது. மழை விட்டதும் அக்கா எழுந்து போய் மறுபடி மாவு தட்டினாள். இரண்டாவது வாரம் வயிறு உப்பியது. கால் வீங்கியது. படகில் படுக்க வைத்து அக்கரை சேர்த்து, பஸ் பிடித்து, பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இருந்தது ஒரு டாக்டரம்மா. வயது குறைவு. என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டார். அக்கா மாவைப் பற்றிச் சொன்னாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"எத்தனை வருஷமா?"

"ஏழெட்டு வருசம் இருக்கும்மா. ஈ குந்தாது."

"ஈ உட்காராதுன்னா, உனக்கு மட்டும் நல்லதாம்மா? உங்க ஊர்ல ஆணியெல்லாம் உப்புக் காத்துல துருப்பிடிக்குமில்ல? இந்தப் பவுடர் ஈரலுக்குள்ள போய் அப்படித்தான் செய்யும். ஈரல் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறையா இருக்கும். ஒவ்வொண்ணா அரிச்சுக்கிட்டே வரும்." பிறகு அம்மாவைக் கேட்டார். "வீட்டுல என்ன கொடுத்தீங்க?"

திட்டு விழும் என்று அம்மா பயந்தாள். "கீழாநெல்லிம்மா," என்றாள் மெதுவாக.

"அது கெட்ட செடி இல்ல. அந்தத் துருவைத் தடுக்கிற சத்து சில செடியில இருக்கு, இதுலயும் இருக்கலாம்னு சொல்றாங்க. அதனால மட்டும் சரியாயிடும்னு சொல்ல மாட்டேன். ஆனா எங்கேருந்து பறிச்சீங்க? அந்தப் பவுடர் புழங்குற இடத்துலேருந்து இல்லையே?"

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் அக்கா பேசிவிட்டாள்.

"இல்லம்மா. தோ, இது என் தங்கச்சி. தெனம் விடியசொல்லோ படகேறிப் போய், பழவேற்காட்டுல பாயம்மா வூட்டுக் கெணத்தாண்டேர்ந்து பறிச்சாந்து குடுத்தா. யாருகிட்டயும் பேசாத பொண்ணு. எனக்கோசரம் போச்சு."

மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். மஞ்சள் கண்ணில் அப்படி ஒரு பெருமை. டாக்டரம்மா என்னைப் பார்த்து, "நல்ல பொண்ணு," என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எல்லோரும் அதைக் கூச்சம் என்று நினைத்தார்கள்.

ஐந்தாம் நாள் அக்கா இறந்துபோனாள்.

காரியம் முடிந்து சில நாள் கழித்துப் பாயம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். வயதானவர், குடையோடு படகில் வந்து, எங்கள் தரையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி நீதானா கண்ணு? ஏம்மா நீ வரவே இல்ல?"

அம்மா நிமிர்ந்தாள்.

"கண்ணு மஞ்சளா இருக்கசொல்லோ கடைசியா கருவாடு குடுக்க வந்துச்சு உங்க அக்கா. அப்பவே சொல்லிட்டுத்தான் போச்சு. 'என் தங்கச்சி செடி பறிக்க வருவா பாயம்மா. ரொம்பக் கூச்சம். முன்னால ஆம்பளைங்க குந்தியிருந்தா உள்ள வரமாட்டா. சந்துப் பக்கம் கதவத் தொறந்து வையி. நீயும் எதுவும் கேக்காத, அதுக்குப் பேசக் கூடாது'ன்னுச்சு. நானும் தெனம் தொறந்து வச்சேன் கண்ணு. ரெண்டு நாள் நானே பறிச்சு ஓரமா வச்சேன். வாடிப்போச்சு."

அவரை அனுப்பிவிட்டு அம்மா மறுபடி தரையில் உட்கார்ந்தாள். படகு கிளம்பிய பிறகு கேட்டாள்.

"எங்கடி பறிச்சே?"

"குழியாண்ட."

அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம். எழுந்து போய் அம்மிக்கல்லைப் புரட்டி, தண்ணீர் ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தாள். மதியம்வரை தேய்த்தாள். அவள் உயிரோடு இருந்தவரை அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை.

ஏழெட்டு வருட மாவு அவளைக் கொன்றதா, நான் கொடுத்த இரண்டு வாரம் கொன்றதா, எனக்குத் தெரியாது. சுத்தமான செடி அவளைக் காப்பாற்றியிருக்குமா என்பதும் தெரியாது. டாக்டரம்மாவிடம் சொல்லியிருந்தால் அவராவது சொல்லியிருப்பார். எனக்காகச் சந்துப் பக்கக் கதவு திறந்திருப்பதை அக்கா ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று பல வருடம் யோசித்தேன். ஏற்பாடு செய்தது தெரிந்தால் அதற்கும் கூச்சப்பட்டுப் போகாமல் இருந்துவிடுவேன் என்று நினைத்திருப்பாள். அவளுக்கு என்னை அவ்வளவு தெரியும்.

பழவேற்காட்டுக்கு இப்போதும் போகிறேன். அந்தத் தெருவில் நடக்கிறேன். சந்துக்குள் மட்டும் திரும்புவதில்லை.